குருகு எழும்பிய பிறகு

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். கப்பல் ஏறும் பலகையில் நடக்கும்போதுகூடக் கீழே பார்க்க மாட்டேன். அப்படிப்பட்டவள் ஞாயிறுதோறும் நீர்ப்பறவை பார்க்க ஏன் கிளம்புகிறேன் என்று என் நாத்தனாருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"மைனாவப் பாருங்க அண்ணி. நம்ம மாடியிலயே கூட்டமா உக்காந்திருக்கு" என்பாள்.

அவளுக்குப் பக்கத்துத் தீவுகளுக்குக் கப்பல் கிளம்பும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் டிக்கெட் கவுன்டர் வேலை. வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் தூங்கலாம். எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது என்பதால், முணுமுணுத்துக்கொண்டே நாங்கள் குடியிருக்கும் ஜங்லிகாட்டிலிருந்து என்னை சிப்பிகாட்டுக்குக் கூட்டிப் போவாள்.

சுனாமியில் நிலம் இறங்கி, வயலாக இருந்த இடமெல்லாம் உப்புநீர் தேங்கிக் கிடக்கிறது அங்கே. ரோட்டில் நின்றாலே நீலத் தாழைக்கோழியும் மடையானும் உள்ளானும் கண்ணில் படும். முதலையும் உண்டு. படம் போட்டு, இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதிய போர்டு ரோட்டோரமே இருக்கிறது. எத்தனையோ முறை அதைக் கடந்து நடந்திருக்கிறேன்.

அன்றைக்குக் காலை ஆறரை மணி. கோரைக்குள் ஒல்லியாக ஒரு குருகு, கழுத்தை மேலே நீட்டி அசையாமல் நின்றது. மஞ்சள் குருகா, செங்குருகா? மூன்று வாரமாக என்னை ஏமாற்றிக்கொண்டிருந்த பறவை. நிற்கும்போது பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். பறக்கும்போது இறக்கையின் ஓரம் கறுப்பாக இருந்தால் மஞ்சள் குருகு. ரோட்டிலிருந்து கோரை மறைத்தது. பழைய வரப்பு ஒன்று உள்ளே போயிற்று. இருபது அடிதான் இருக்கும்.

நாத்தனார் ஸ்கூட்டரில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் வரப்பில் இறங்கிவிட்டேன்.

பாதி தூரம்வரை மண் கெட்டியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வைத்த இடதுகால் நிற்கவே இல்லை. வழுக்கிப்போய் முழங்கால்வரை சேற்றில் இறங்கியது. தண்ணீர் தொடையைத் தொட்டது. இழுத்தேன், வரவில்லை. வரப்பில் இருந்த வலதுகாலும் நழுவ ஆரம்பித்தது. குனிந்து இரண்டு கையாலும் புல்லைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் எதிரே கோரை அசைந்தது. காற்று இல்லை. ஒரே ஒரு இடத்தில், அடியிலிருந்து மெதுவாக விலகி மறுபடி சேர்ந்தது. குருகு திடுக்கிட்டு எழும்பியது. இறக்கையின் ஓரம் நல்ல கறுப்பு. 'மஞ்சள் குருகு' என்று மனசு சொன்னது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அடுத்த நொடிதான், அதை எழுப்பியது நான் இல்லை என்று உறைத்தது.

அதுவரை கத்திக்கொண்டிருந்த தாழைக்கோழிகள் அடங்கிவிட்டன. தண்ணீருக்குள் இருந்த காலில் ஏதோ உரசியதுபோல இருந்தது. புல்லாகக்கூட இருக்கலாம். கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தொண்டையில் காற்று மட்டும் போய் வந்தது. நாத்தனாரின் சிரிப்பு ரோட்டிலிருந்து நன்றாகக் கேட்டது. அவள் திரும்பவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த வழியாக மீன்கூடையோடு பைக்கில் வந்தவர்தான் என்னைப் பார்த்தார். "மகர்! மகர் ஹை உதர்!" என்று அலறினார். முதலை இருக்கிறது என்கிறார்.

நாத்தனார் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். வரப்பில் குப்புறப் படுத்து என் அக்குளுக்குள் கைகளைக் கொடுத்தாள்.

"அண்ணி, தண்ணிய ஆட்டாதீங்க. என்னையே பாருங்க. அங்க பாக்காதீங்க."

"கால் வரல."

"செருப்ப விட்டுட்டு வாங்க!"

பட்டை போட்டுக் கட்டிய செருப்பு. ஒரு கையைப் புல்லிலிருந்து எடுத்து, அந்தத் தண்ணீருக்குள் விட்டுத்தான் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தேன். அவள் இழுத்தாள். பைக்கில் வந்தவர் அவள் கால்களைப் பிடித்து இழுத்தார். மூன்று பேரும் ஊர்ந்தபடி ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

"நீங்க பாத்தீங்களா?" என்று அவரை இந்தியில் கேட்டேன். பெரிதாக ஒன்று உள்ளே அமுங்கியதைப் பார்த்ததாகச் சொன்னார். பிறகு உடும்பாகவும் இருக்கலாம் என்றார். கூடையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டார்.

நாத்தனார் உடனே ஸ்கூட்டரை எடுக்கவில்லை. வெயில் ஏறும்வரை ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். "அண்ணன்கிட்ட சொல்ல வேணாம்" என்றாள். வீட்டு வாசலிலேயே அவர் என் வெறுங்காலையும் தொடைவரை சேற்றையும் பார்த்தார். அவள்தான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை.

"நீ கூப்பிடலயா?" என்று மட்டும் கேட்டார்.

கூப்பிடச் சத்தம் வரவில்லை என்றேன்.

முதலையைவிட அதுதான் என்னை உலுக்குகிறது. அன்றைக்கு அந்த பைக் வராமல் இருந்திருந்தால், பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் நாத்தனார் சிரித்துக்கொண்டிருக்க, நான் சத்தமே இல்லாமல் போயிருப்பேன். பாத்ரூம் வாளிக்குள் கை விடும்போது இப்போதும் ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.

அந்த வாரமே நாத்தனார் ஸ்போர்ட்ஸ் கடையில் ஒரு விசில் வாங்கி வந்தாள். மாடியில் நிற்க வைத்து ஊதச் சொன்னாள். ஊதினேன். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

"பத்தாது அண்ணி. இன்னும் பலமா" என்றாள்.