வளையல் கழற்றாத கை

சித்தூர் ஆஸ்பத்திரியில் நான் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்த காலம், எங்கள் எல்லை ஊர்கள் ஆந்திராவுக்கா சென்னைக்கா என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை நடந்த காலம். பிலிமைக் கண்ணாடி விளக்கில் மாட்டி, மணிக்கட்டின் சிறு எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கவராயத்தால் அளப்பேன். எலும்புகளைப் பிடித்திருக்கும் நார் அறுந்தால் இடைவெளி அகலும். ஆளுக்கு ஆள் அது மாறும் என்பதால் அடிபடாத கையையும் எடுத்து ஒப்பிட வேண்டும். என் வேலையில் முதல் பாடமே இதுதான்.

நகரிப் பக்கத்திலிருந்து நாற்று நடும் பெண் ஒருத்தி வந்தாள். வரப்பில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தவள். அந்தக் கை வளையல்கள் அப்போதே உடைந்திருந்தன. இடது கையில் கண்ணாடி வளையல்கள் இருந்தன. பிலிமில் அவை எலும்பை மறைக்கும் என்று கழற்றச் சொன்னேன்.

"ஒரு கை ஏற்கெனவே மொட்டையா கீதுய்யா. இதையும் கழட்டுனா ஊட்டுக்காரருக்கு ஆவாது. அவரு வேற காய்ச்சல்ல படுத்துக்கினு கீறாரு."

வாசலில் கூட்டம். எனக்கு எரிச்சல். எக்கேடோ கெட்டுப் போ என்று வலது கையை மட்டும் எடுத்தேன். இடைவெளி கொஞ்சம் கூடுதல்தான். எலும்பு வாகே அப்படி என்று நானாக முடிவு கட்டி, நார் அறுபடவில்லை என்று சீட்டில் எழுதினேன். டாக்டர் என் அளவை நம்பித் தைலம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அறுப்பு முடிந்து அவள் திரும்பி வந்தாள். அரிவாள் கையில் நிற்கவில்லையாம். மறுபடியும் அதே வளையல், அதே பிடிவாதம். அறை பெருக்கும் அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"இதுக்கா மல்லுக்கட்டிக்கினு கீறீங்க?"

மஞ்சள் தடவிய நூலை அவள் இடது கையில் கட்டிவிட்டு, வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கை மொட்டையாகவில்லை. நூல் பிலிமில் விழவும் இல்லை.

இரண்டு பிலிமையும் பக்கத்தில் வைத்து அளந்தேன். இடது கையைப் போல இரண்டு மடங்கு இருந்தது வலது கையின் இடைவெளி. அன்றே மாவுக்கட்டுப் போட்டிருந்தால் சேர்ந்திருக்கும், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் டாக்டர்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கே நான் வளையல கழட்டியிருந்தா கை பொழச்சிருக்குமாய்யா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். சீட்டு எழுதியவன் நான்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எல்லாம் தன் தப்புதான் என்று அழுதுகொண்டே அவள் நகரி பஸ்ஸுக்குப் போனாள்.