பட்டாளத்து வண்டியின் பின்சீட்டு

என் வீட்டுக்காரர் பூச்சிமருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. திருமங்கலத்தைச் சுற்றியிருந்த பருத்திக் கிராமங்கள் எல்லாம் அவருடைய ராஜ்ஜியம். ராஜா என்றால் குதிரை வேண்டாமா? எழுபதுகளின் கடைசியில், பட்டாளத்தில் ஏலம் விட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார். உடம்பு முழுக்கப் பச்சை. அது காளவாசல் முக்கில் திரும்பும்போதே எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் அதிரும். மலை, மணல், ஓடை எதுவானாலும் ஏறி இறங்கிவிடும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். நாங்கள் போய்வந்ததென்னவோ தார் ரோட்டில்தான்.

அதே வருஷம்தான் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. பயிற்சி முடித்து, எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்துவைத்து, வருஷக்கணக்காகத் தபால்காரரின் முகத்தையே பார்த்துக் காத்திருந்து வாங்கிய வேலை. பள்ளிக்கூடம் திருமங்கலத்துக்கு மேற்கே, கரிசல் காட்டின் நடுவில். காலையில் ஒரு பஸ் உண்டு. அதைப் பிடிக்க வேண்டுமானால் நான் சமைக்காமல் போகவேண்டும், அந்தத் தியாகத்துக்கு வீட்டில் யாரும் தயாராக இல்லை. அடுத்த பஸ்ஸில் போனால் இரண்டாவது பீரியடு முடிந்திருக்கும். தலைமையாசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார். "டீச்சர், லேட்டா வாரது, நெனச்சா லீவு போடுறது, இதெல்லாம் புரொபேஷன் முடியிற வரைக்கும் கூடாது. அப்புறம் வேலை நெலைக்காது, நான் பொறுப்பில்ல." ஆகவே காலையில் வீட்டுக்காரர் வண்டியில் போவேன், சாயங்காலம் அவர் வேலையை முடித்துவிட்டு வந்து கூட்டிக்கொண்டு வருவார் என்று ஏற்பாடு.

பட்டாளத்து வண்டியில் பெண்பிள்ளையை ஏற்றும் யோசனை பட்டாளத்துக்கு இருந்திருக்க நியாயமில்லை. ஓட்டுகிறவருக்குச் சுருள்கம்பி வைத்த சீட்டு. பின்னால் ஒரு மணைப்பலகை அளவுக்குத் தோல் தைத்த மேடை. அதில் சேலையோடு, இரண்டு காலையும் இடதுபக்கம் தொங்கப்போட்டு, மடியில் கைப்பையும் தூக்குச்சட்டியும் நோட்டுக்கட்டுமாக நான் உட்கார்ந்திருப்பேன். கப்பலூர் தாண்டும்போதே இடுப்பு கழன்றுவிடும். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, "அந்தச் சீட்டுல உக்காரவே முடியலங்க" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் மாநாடு கூடியது. வீட்டுக்காரர் தலைமை. அவருடைய அத்தை மகன் ஒருவர், சின்ன வயதிலிருந்தே கூட்டாளி, இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் ஆலோசகர். காளவாசலில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் மூன்றாவது ஆள். பொருள், என் சௌகரியம். பங்கேற்பு, ஆண்கள் மட்டும். என்னைக் கூப்பிட்டார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். காபிக்குக் கூப்பிட்டார்கள்.

"அண்ணே, இதத் தூக்கிப்புட்டு நீட்டுச் சீட்டாப் போட்டுருவோம். நடுவுல மேடு குடுத்து ரெண்டு பக்கமும் சரிச்சு விட்டா, தொடை ரெண்டும் அம்சமா எறங்கும்" என்றார் மெக்கானிக்.

"இம்புட்டு உசரம் வச்சிரு. தங்கச்சிக்கு முன்னாடி ரோடு தெரியணும்ல" என்று கையை வைத்துக் காட்டினார் அத்தை மகன். எனக்கு ரோடு தெரிய வேண்டும் என்று யார் அழுதார்கள்?

சீட்டு வந்தது. சிவப்பு ரெக்சின். முகம் பார்க்கலாம், அத்தனை பளபளப்பு. மூன்று பேரும் வேட்டியையும் கைலியையும் மடித்துக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு தடவை பின்சீட்டில் காலைப் போட்டு உட்கார்ந்து, காளவாசலைச் சுற்றிவந்தார்கள். எதிர்வீட்டு ரயில்வேக்காரர் வந்து உட்கார்ந்து பார்த்தார். தெருவுக்கு வந்த காய்கறிக்காரர்கூட உட்கார்ந்து பார்த்தார். "சோபா கணக்கா இருக்குண்ணே" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுத் தன் தள்ளுவண்டியோடு போனார். அத்தனை பேரும் குதிரை ஏறுவதுபோல இரண்டு பக்கமும் காலைப் போட்டுத்தான் உட்கார்ந்தார்கள். ஒருத்தருக்காவது, இதில் உட்காரப்போகிறவள் சேலை கட்டியவள், ஒருபக்கமாகத்தான் உட்காருவாள் என்று தோன்றியதா? தெருவில் அதுவரை எந்தப் பெண்ணையும் அவர்கள் வண்டியில் பார்த்ததே இல்லையா?

திங்கட்கிழமை காலை நான் உட்கார்ந்தேன். எனக்குக் கிடைத்தது அந்தச் சரிவு. மேலே நான் கட்டியிருந்தது நைலக்ஸ் சேலை, கீழே புது ரெக்சின். பழங்காநத்தம் வரைக்கும் மூன்று தடவை வழுக்கி, மூன்று தடவை எக்கி ஏறினேன். "எப்படி இருக்கு?" என்று முன்னாலிருந்து கத்தினார். காற்றில் நான் சொன்ன பதில் அவருக்குக் கேட்கவில்லை. "நல்லாருக்குல்ல?" என்று அவரே பதிலையும் சொல்லிக்கொண்டார். சாயங்காலம் திரும்பவும் சொன்னேன். புதுச் செருப்பு மாதிரி, போகப்போகச் சரியாகும் என்றார்.

சௌகரியம் முடிந்தது, அடுத்தது வெளிச்சம். அவர் என்னைக் கூட்டிப்போக வருவதற்குள் ஆறரை ஆகிவிடும். மார்கழி மாதத்தில் அந்நேரம் கும்மிருட்டு. பள்ளிக்கூடத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வரும்வரை ஒரு விளக்கு கிடையாது. பழைய விளக்கு மஞ்சளாக, முன்சக்கரத்துக்கு மட்டும் வழிகாட்டும். அதற்காக லாரியில் மாட்டுகிற விளக்கு இரண்டு வாங்கி முன்னால் முறுக்கினார்கள். வண்டியில் இருந்த டைனமோவுக்கு அந்த இரண்டையும் தாங்கும் தெம்பு இல்லை. பேட்டரி ஒன்று கூடுதலாக வைத்தார்கள், அதற்கும் இதே டைனமோதான் படியளக்க வேண்டும். விளைவு, ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஊரே வெளுக்கும். வேகத்தைக் குறைத்தால் விளக்கு சுருங்கும். ஹாரன் அடித்தால் அணைந்தே போகும். அதாவது எதிரே ஆள் வந்தால் ஒன்று பார்க்கலாம், இல்லை கூப்பிடலாம், இரண்டும் சேர்ந்து முடியாது.

அந்தக் கூடுதல் பேட்டரிப் பெட்டியை எங்கே வைத்தார்கள் என்று கேளுங்கள். பின்சக்கரத்துக்கு இடதுபக்கம். நான் கால் வைக்கிற கம்பி இருந்த இடத்தில்.

"மதினி, கால கொஞ்சம் தூக்கினாப்ல வச்சுக்கங்க. பெட்டி மேல படக்கூடாது, ஆசிட் இருக்கு" என்றார் மெக்கானிக்.

இப்படியாக என் சௌகரியம் முழுமை பெற்றது. வழுக்குகிற சரிவில், காலைத் தொங்கவும் விடாமல் ஊன்றவும் முடியாமல், ஒரு கையால் தூக்குச்சட்டியையும் ஒரு கையால் அவர் சட்டையையும் பிடித்துக்கொண்டு, தினமும் பயந்து செத்தேன். பயம் என்று வெளியில் சொல்ல முடியாது. சொன்னால் வேலையில்தான் கை வைப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

தை பிறந்தது. எங்கள் பக்கத்தில் கொள்ளு, உளுந்து அறுவடையானால் செடியோடு கொண்டுவந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் மேலே ஏறி ஏறி, காய் உடைந்து மணி உதிரும். களம் தேடிப் போகவேண்டாம், மாடு பூட்ட வேண்டாம். இரண்டு சக்கரத்தில் வருகிறவன் மட்டும் குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டு, மெதுவாக, பிரேக்கைத் தொடாமல் தாண்டவேண்டும். மெதுவாகத் தாண்ட வேண்டும் என்பது என் வீட்டுக்காரருக்கும் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூரத்திலேயே கொள்ளுச்செடியைப் பார்த்துவிட்டு, பொறுப்பாக வேகத்தைக் குறைத்தார். அவருடைய லாரி விளக்கும் பொறுப்பாகச் சுருங்கியது. இருட்டில் செடியைக் கிளறிக்கொண்டிருந்த ஆட்களின் குரல் மட்டும் கேட்டது. ஹாரன் அடித்தார். மிச்சமிருந்த மினுக்கமும் போனது. பயத்தில் பிரேக்கை அமுக்கினார்.

வண்டி விழவில்லை. நான் மட்டும் சீட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்க் கொள்ளுச்செடியில் உட்கார்ந்தேன். அப்படியே ஒரு சறுக்கு. முழங்கை முழுக்கத் தோல் போய்விட்டது.

நாலாம் வகுப்பில் படிக்கிற பிள்ளை ஒன்றின் தாயார் ஓடிவந்து தூக்கிவிட்டாள். "டீச்சரா? அய்யய்ய, அடிபட்டுருச்சா?" என்று கேட்டவள், நான் எழுந்து நின்றதும், "செத்த அங்குட்டுத் தள்ளி நில்லுங்க டீச்சர், மணியெல்லாம் செதறுது" என்றாள். அவள் கவலை அவளுக்கு.

அதற்கும் ஞாயிற்றுக்கிழமை மாநாடு கூடியது. மூவரும் மறுபடி சீட்டில் ஏறி இறங்கினார்கள். அமுக்கினார்கள், தட்டினார்கள். நான் உள்ளே ஒரு கையால் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன்.

"சீட்டுல ஒரு குத்தமும் இல்லண்ணே" என்றார் மெக்கானிக்.

"தங்கச்சிக்குப் பேலன்ஸ் பத்தல மாப்ள" என்றார் அத்தை மகன்.

வீட்டுக்காரர் அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார். "இங்க பாரு, உசுரு போனா வருமா? ஒனக்கு இந்த வேல வேணாம். நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துருவோம்" என்றார். குரலில் பாசம்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. சீட்டு சரியாக இருக்கிறது, விளக்கு சரியாக இருக்கிறது, தப்பு என் வேலையில் இருக்கிறதாம். ஒரு ரெக்சின் உறையைப் பிரிப்பதைவிட என் வேலையைப் பிரிப்பது இவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

"நாளைக்கு ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்டர் வாராரு" என்றேன்.

"அதான் சொல்றேன், நல்லதாப் போச்சு. அவருகிட்டயே சொல்லிரலாம்."

அடுப்பை அணைத்தேன். கைப்பை, தூக்குச்சட்டி, நோட்டுக்கட்டு, குடை நாலையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். "இந்தாங்க, பிடிங்க. பின்னாடி உக்காருங்க. அண்ணன் ஓட்டட்டும்" என்று அத்தை மகனைக் காட்டினேன்.

"நான்தான் ஏற்கெனவே உக்காந்து பாத்துட்டேனே."

"நான் உக்கார்ற மாதிரி உக்காந்தீங்களா?"

அத்தை மகன் சிரித்துவிட்டார். எதிர்வீட்டு ரயில்வேக்காரர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு வெளியே வந்தார். "மானத்த வாங்காத, உள்ள போ" என்று வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். நான் போகவில்லை. "நீங்க முக்கு வரைக்கும் போயிட்டு வாங்க. விழாம வந்தீங்கன்னா நானே எழுதிக் குடுத்துர்றேன்" என்றேன். சொன்னபிறகு எனக்கே திக்கென்றது. வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வேலையை ஒரு தெருமுக்கில் கொண்டுபோய் அடகு வைத்துவிட்டேனே. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

ஏறினார். பாலியெஸ்டர் வேட்டி கட்டியிருந்தார், இரண்டு காலும் இடதுபக்கம், பேட்டரிப் பெட்டியில் படாமல் தூக்கினாற்போல. மடியில் என் சாமான்கள். வண்டி கிளம்பியது. தெரு நடுவே இருந்த பள்ளத்தில் இறங்கி ஏறியபோது ஒரு சாண் வழுக்கினார். எக்கி ஏறினார். முக்கு வரைக்கும் போய்விட்டார். எனக்கு உயிரே இல்லை. வளைவில் ஒரு ஆடு குறுக்கே வந்தது, அத்தை மகன் பிரேக் போட்டார். சலூன் வாசலில், பாதிச் சவரத்தோடு எட்டிப்பார்த்தவர்களின் முன்னிலையில், என் வீட்டுக்காரர் ரோட்டில் உட்கார்ந்திருந்தார். தூக்குச்சட்டியை மட்டும் விடவில்லை.

வேட்டியைத் தட்டிவிட்டு நடந்தே வந்தார். சாமான்களை ஒவ்வொன்றாக என்னிடம் கொடுத்தார்.

"தினமும் இப்பிடியேவா வந்த?"

"தினமும்."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னேன். புதுச் செருப்பு மாதிரின்னீங்க."

அவர் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் வண்டியைப் பார்த்தார். அன்று மத்தியானமே ரெக்சினைக் கிழித்து, உள்ளேயிருந்த மேட்டை ரம்பத்தால் அறுத்துத் தட்டையாக்கினார்கள். பேட்டரிப் பெட்டியும் லாரி விளக்குகளும் கழன்றன, கால்கம்பி பழைய இடத்துக்கு வந்தது. புது உறை தைக்க நேரமில்லாததால் பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துச் சீட்டின்மேல் கயிற்றால் வரிந்து கட்டினார்கள். அறுபது கிலோ பருத்தி ஏற்றிய வண்டி மாதிரி இருந்தது. இந்தத் தடவை யாரும் அதில் உட்கார்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்காரர் அடுப்படிக்கு வந்து, "வந்து உக்காந்து பாரு" என்றார். அவர்கள் மூவரும் திரும்பி நின்றுகொள்ள, நான் ஒருபக்கமாக உட்கார்ந்தேன். அசைந்தும் பார்த்தேன். நின்றது.

மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பினோம். அவர் வண்டியை ஓட்டினார் என்று சொல்லமுடியாது, தாலாட்டினார். சைக்கிள்காரர்கள் எங்களை முந்தினார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் "சரியா இருக்கியா?" என்றார். கப்பலூர் வரைக்கும் பதில் சொன்னேன். அதற்குமேல் பொறுமையில்லை. "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது இன்ஸ்பெக்டர் இன்னும் வந்திருக்கவில்லை. பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். சேலையைச் சரிசெய்துகொண்டே, மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "அப்ப, வேலைய எழுதிக் குடுக்குறதப் பத்தி இன்ஸ்பெக்டர்கிட்ட நீங்க பேசுறீங்களா, நான் பேசவா?"

அவர் கிக்கரை உதைத்துக்கொண்டே என்னை ஏதோ புரியாததுபோலப் பார்த்தார்.

"எந்த வேலைய?" என்றார்.