கியர் கழன்ற லொறியில் சம்பூருக்கு இருபது பை மீன்குஞ்சு

மூதூர்ப் பக்கம் போக லொறி எதற்கு, பஸ் ஓடுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். உயிருள்ள மீன்குஞ்சுகள் நிரப்பிய இருபது பைகளோடு பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், கொண்டக்டர் என்ன சொல்வார் என்று தெரியும். அதனால்தான் போன தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் என் கணவரின் பழைய லொறியை நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். வெள்ளிக்கிழமை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

காரணம் என் மச்சாள் சுகந்தி, கணவரின் தங்கை. சம்பூர்ப் பக்கத்தில் ஒரு சின்னக் குளத்து மீனவர் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. போன வருஷம் கூலிக்குப் பிடித்த வாகனம் வெயிலில் நின்றுபோய், குஞ்சுகளில் பாதிக்கு மேல் செத்துவிட்டன. இந்த முறையும் செத்தால் குளத்தை வெளியூர் முதலாளி ஒருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிடுவது என்று கூட்டத்தில் முடிவெடுத்திருந்தார்கள். ஒரேயொரு தரம் பார்ப்போம் என்று மன்றாடி, இவள் அந்தச் சந்தர்ப்பத்தை வாங்கியிருந்தாள். குத்தகைக்குப் போனால் அந்த ஊர்ச் சனம் தங்கள் குளத்திலேயே கூலிக்கு வலை இழுக்க வேண்டியதுதான்.

எங்கள் திருகோணமலைக்குப் பக்கத்துக் கப்பல்துறையில் ஒருவர் வீட்டு வளவில் தொட்டி கட்டிக் குஞ்சு வளர்க்கிறார். திலாப்பியா, எங்கள் ஊர்களில் யப்பான் மீன் என்போம். லொறியும் யப்பான், மீனும் யப்பான், இரண்டும் ஒத்துப்போகும் என்று நான் பகிடி விட்டேன், சுகந்தி சிரிக்கவில்லை. தடித்த பொலித்தீன் பைகளில் தண்ணீரும் ஒட்சிசனும் அடைத்து ஏற்றித் தந்தவர், பின்னேரம் மூன்று மணிக்குள் குளத்தில் விட்டுவிட வேண்டும், வெயில் படவே கூடாது என்றார். பைகளின் மேல் ஈரச் சாக்குகளைப் போட்டு மூடிக்கொண்டு பதினொன்றரைக்கு வெளிக்கிட்டோம். தூரத்தை அச்சொட்டாகக் கேட்காதீர்கள், எங்கள் லொறியின் மீற்றர் செத்துப் பல வருஷம். குறைய நாற்பது கிலோமீற்றர் என்று வையுங்கள்.

இந்த லொறியின் கியரைப் பற்றி முதலே சொல்லிவிட வேண்டும். தடி ஆடும், கொஞ்ச நஞ்சமல்ல. இரண்டாம் கியர் பக்கத்தில் இருப்பவரின் முழங்காலில் இருக்கும், நாலாம் கியர் என் மடியில் இருக்கும். என் மனுசன் இதற்குச் செய்த வைத்தியம், பழைய சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டித் தடியை ஆசனக் காலோடு இழுத்துக் கட்டியது. எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும், கதவு அடித்தாலும், ரேடியோ கதைக்காவிட்டாலும் சைக்கிள் ரியூப்தான். அந்த ரப்பர் ஒரு வருஷமாகத் தடியை ஒரே பக்கமாக இழுத்து அடியில் இருந்ததையும் தின்று தீர்த்துவிட்டது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கிண்ணியாப் பாலம் கடந்தால் வலது கைப் பக்கம், இடது கைப் பக்கம் இரண்டிலும் தண்ணீர். வழி நெடுகப் பார்த்துக்கொண்டே போகலாம், அவ்வளவு அழகு. கிண்ணியாவையும் தாண்டி உப்பாற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால் ஒரு மாட்டுக் கூட்டம் குறுக்கே வந்தது. வேகத்தைக் குறைத்து இரண்டுக்குப் போட்டேன். தடி தொபுக்கென்று சரிந்து விழுந்தது. முன்னுக்குத் தள்ளினாலும் பின்னுக்கு இழுத்தாலும் ஒன்றும் அகப்படவில்லை, எஞ்சின் மட்டும் இரைந்துகொண்டு நின்றது.

நேரம் பன்னிரண்டு தாண்டியிருந்தது. வீதியில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. எதிரே இருந்த வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். நபீசா என்று பெயர், பிறகு தெரிந்துகொண்டோம். அந்தப் பக்கத்து வழக்கப்படி ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டோம். கிட்ட எங்கேயாவது கராஜ் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கராஜ் இரிக்கி தங்கச்சி, ஆள்தான் இல்ல. இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லா? ஆம்பிளைகள் எல்லாரும் ஜும்ஆவுக்குப் போயிட்டாங்க."

திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் கிண்ணியாவில் கடை திறந்திருக்காது என்று மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிறவள் நான். என்னை நானே திட்டிக்கொண்டு, ஒரு மணித்தியாலம் பொறுப்போம், ஆட்கள் வந்துவிடுவார்கள் என்றேன்.

"ஏலாது மச்சாள்," என்றாள் சுகந்தி. "இந்த வெயிலில ஒரு மணித்தியாலம் நிண்டா குஞ்சு அவிஞ்சு போயிடும். கழட்டுங்கோ."

"உங்களுக்குக் கியர் வேலை தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியாது. கழட்டினாத்தானே தெரியும்."

நபீசா ராத்தா அதற்குள் கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி வந்து சாக்குகளை நனைக்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் லொறியை அவர் வீட்டு வேப்பமர நிழலுக்குத் தள்ளினோம். நான் சைக்கிள் ரப்பரை அறுத்தெறிந்தேன், மனதுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா! தடியின் அடியில் இருந்த ரப்பர் உறையை மேலே தூக்கினால் கீழே வட்டமாக ஒரு மூடி, மூன்று ஆணிகள். லொறியில் கிடந்த ஒரேயொரு ஸ்பானரால் அவற்றைக் கழற்றித் தடியை உருவினோம். அதன் நுனியில் ஒரு இரும்பு உருண்டை. அந்த உருண்டையைச் சுற்றி ஒரு பிளாஸ்ரிக் உறை இருந்திருக்க வேண்டும். இருந்தது அதன் தூள்தான், உடைந்த பிஸ்கற் போல கிறீசோடு கிடந்தது. உறை போனதால் உருண்டை பெரிய குழிக்குள் சும்மா ஆடியிருக்கிறது. இவ்வளவுதான் லொறிக்கு வந்த நோய்.

ராத்தா எட்டிப் பார்த்துவிட்டு, குசினிக்குத் தண்ணீர் இழுத்தபோது மிஞ்சிய பிளாஸ்ரிக் குழாய்த் துண்டுகள் கிடக்கின்றன, சுட்டால் இளகும் என்றார். மூவரும் குசினிக்குள் போனோம். அரை இஞ்சிக் குழாயை காஸ் அடுப்பில் வாட்டி உருண்டையில் ஏற்றினோம், அது வெடித்துவிட்டது. முக்கால் இஞ்சி ஏறியது. ஈரத்துணியால் சுற்றி இறுக்கிப் பிடித்து, சட்டென்று தண்ணீருக்குள் அமிழ்த்தினோம், இறுகிவிட்டது. ஓடிப்போய்ப் பொருத்தினால் உள்ளே போகவில்லை, தடிப்புக் கூடிவிட்டது. சுகந்தி மீன் வெட்டும் கத்தியை வாங்கிச் சீவினாள். வைத்துப் பார்த்தோம், திரும்பச் சீவினாள். நான் சீவட்டுமா என்று கேட்டதற்கு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் தடியைப் பிடித்துக்கொடுக்கும் வேலைக்கே திரும்பிவிட்டேன்.

மூன்றாம் தரம் டக்கென்று போய் உட்கார்ந்தது. கிடந்த கிறீசையே வழித்துப் பூசி, மூடியைப் போட்டு இறுக்கினோம். நான் ஏறிக் கிளச்சை மிதித்தேன். ஒன்று விழுந்தது. இரண்டு, மூன்று, நாலு, பின்னுக்கு. ஆட்டமும் இல்லை, அசைவும் இல்லை. இரண்டாம் கியர் யாருடைய முழங்காலிலும் இல்லாமல் தன் இடத்தில் இருந்தது. சந்தோசத்தில் நான் ஹோர்னை ஒரு பிடி பிடித்தேன். அது பிழைதான், பள்ளிவாசலில் தொழுகை நேரம்.

தொழுகை முடிந்து வந்த ராத்தாவின் கணவர் தடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடியது போலத்தான் எனக்குப் பட்டது. கிடைக்கவில்லை. எதற்கும் ஒருக்காக் கராஜில் காட்டுங்கள் என்றுவிட்டு உள்ளே போனார்.

இறால்குழி, மூதூர், இரு பக்கமும் பச்சை வயல், பிறகு சம்பூர். இரண்டரைக்குக் குளக்கட்டில் நின்றோம். சங்கத்து ஆட்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் கிட்ட வரவில்லை. பைகளை உடனே அவிழ்க்கக் கூடாது. குளத்துச் சூட்டுக்குப் பழகும்வரை மிதக்கவிட வேண்டும். சுகந்தி இடுப்பளவு தண்ணீரில் நின்று முதல் பையை அவிழ்த்துச் சரித்தாள். குஞ்சுகள் ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு சிதறி ஓடின. இருபது பைகளிலும் செத்தது இரண்டு கைப்பிடி வராது. குளக்கட்டில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீருக்குள் இறங்கிப் பைகளைப் பிடித்தார்கள். குத்தகைக் கதையை முதலில் எடுத்த மனிதரே சுகந்தியிடம், "அடுத்த மாரிக்கும் நீங்களே ஏத்தி வாங்கோ பிள்ளை" என்றார். அவள் முகத்தைக் கழுவுவது போல அழுதாள். நானும்தான்.

போக நினைப்பவர்களுக்கு: போய்வர மூவாயிரம் ரூபாவுக்கு டீசல் போதும். வெள்ளிக்கிழமை மத்தியானத்தைத் தவிருங்கள், அல்லது ஸ்பானர்ப் பெட்டியோடு போங்கள். கியர் தடி ஆடத் தொடங்கினால் ரப்பர் கட்டாமல் அடி உறையை மாற்றுங்கள், ஒரு சோற்றுப் பார்சல் விலைதான். குழாய் சுடுவதானால் யன்னலைத் திறந்துவிடுங்கள், புகை தொண்டையைப் பிடிக்கும். குழாயில் செய்த உறை வீடு திரும்பும்வரைதான் தாங்கும். நான் அடுத்த நாளே சரியான உறையை வாங்கிப் போட்டுவிட்டேன்.

பொழுதுபடத் திரும்பி வருகையில் ராத்தா வீட்டில் நிறுத்தினோம். மீன் தப்பிச்சா என்றுதான் முதலில் கேட்டார். தப்பிவிட்டது என்றதும் லொறியைச் சுற்றி ஒரு நடை நடந்து, "நான் ஒருக்கா ஏறிப் பாக்கட்டா?" என்றார். சாரதி ஆசனத்தில் அவர் வாழ்நாளில் இருந்ததில்லையாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, கிளச் எது என்று காட்டினேன். மிதித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று நிதானமாகப் போட்டார். பிறகு படலையில் நின்ற கணவரைக் கூப்பிட்டு, "வந்து பாருங்க, எப்பிடி விழுதெண்டு," என்று மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார்.