தறிக்குழியிலிருந்து ஓர் ஆமென்

எழுபதுகளின் கடைசியில் மூன்று மாதம் நான் சர்ச் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஆண்டவரோடு சண்டை. எங்கள் முதல் பெண் குழந்தை பிறந்த பதினோராம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். முட்டிபோட்டுக் கெஞ்சினேன்; அவர் காதிலேயே வாங்கவில்லை. சரி, அவருக்கு நான் வேண்டாமென்றால் எனக்கும் அவர் வேண்டாம்! வேண்டுமானால் அவரே தேடி வரட்டும் என்று ரோஷமாக இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தேன். கிறிஸ்தவன் வீட்டுத் தறி ஞாயிறன்று ஓடினால் ஆரணியில் தெருவே திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டுமே, எனக்கென்ன!

என் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையைப் பற்றி நாங்கள் இருவருமே வாய் திறப்பதில்லை. அக்கம்பக்கத்தாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாசலில் போதகரின் சைக்கிள் மணி கேட்டது. வந்ததடா பேஜார் என்று, கால் வைக்கும் தறிக்குழிக்குள் அப்படியே இறங்கிக் குந்திக்கொண்டேன். தலைக்கு மேலே பாதி நெய்த புடவை, மூக்குக்கு நேரே மிதிகட்டை.

"அவரு களம்பூர் போயிகீறாருங்க ஐயா," என்றாள் மனைவி. புத்திசாலி!

"பரவால்லம்மா. வந்தது வந்தேன், ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போறேன்."

அவர் ஜெபம் லேசில் முடியாது. களம்பூர் ரோடு, பஸ், டிரைவர், கண்டக்டர் என்று ஒருவர் விடாமல் ஆண்டவர் கையில் ஒப்படைத்தார். எனக்குக் கால் மரத்துவிட்டது. அப்பாடா, முடிக்கப் போகிறார் என்று நினைத்தபோது அவர் குரல் தணிந்தது.

"இந்த வீட்டுப் பொண்ணு உம்மகிட்ட இருக்கா ஆண்டவரே. பதினோரு நாள் இவங்க மடியில இருந்தவ. அவளை நாங்க மறக்கல. நீரும் மறக்கல."

"ஆமென்" என்றாள் மனைவி.

"ஆமென்" என்றேன் நானும், குழிக்குள்ளிருந்து, சத்தமாக.

பாழாய்ப்போன வாய்! ஜெபம் முடிந்தால் தானாகத் திறந்து சிறுவயதிலிருந்து பழகிய வாய் அது. ஆனால் அன்றைக்கு அது வெறும் பழக்கத்தில் வரவில்லை. அது எனக்குத் தெரியும்.

அதே ஜெபக் குரலில் போதகர் தொடர்ந்தார். "களம்பூர் பஸ்ஸை இவ்ளோ ஜல்தியா திருப்பி அனுப்புனதுக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே."

மனைவி குபீரென்று சிரித்துவிட்டாள். மூன்று மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே அழவும் ஆரம்பித்தாள். நானும் குழிக்குள்ளேயே அழுதேன்.

போதகர் தறியோரம் வந்து குனிந்து பார்த்தார்.

"என்னை யாருமே தேடலன்னு நெனச்சிகினு இருந்தேங்க ஐயா," என்றேன்.

"நாலு தபா வந்தேன்ப்பா. வாசல்ல நின்னு உன் தறிச் சத்தத்தக் கேட்டுகினே இருப்பேன். என்ன சொல்றதுன்னு தெரியாம திரும்பிப் போயிடுவேன்."

கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன்.