பாவு மறித்த தெரு

தறியில் ஏற்றுமுன் நீளப் பட்டிழைகளைத் தெருவில் விரித்துக் கட்டுவதைப் பாவு விரித்தல் என்போம். விடியலில் மட்டுமே விரிப்போம். ஈரத் தரையில் ஒருபோதும் இல்லை. அன்று மழை விட்ட சேற்றில், நண்பகலில், என் சிற்றப்பாவின் சொல்லுக்கு இணங்கி மூங்கில் கழிகளை நட்டு, தெரு முழுதும் அடைபடும்படி பாவுகளை இழுத்துக் கட்டினோம். சேரியிலிருந்து பிணம் வருகிறது என்பதே காரணம்.

அறுபதுகளின் இறுதி அது. சேரியாரின் பிணம் எங்கள் தெருவில் வரலாகாது. கழனி வரப்பில் சுற்றித்தான் சுடுகாடு சேர வேண்டும். ஏரி நிரம்பி அந்த வரப்பு மூழ்கியிருந்தது.

பாடை தெருமுனையில் நின்றது. இறந்தவளின் மகன் முன்னால் வந்தான்.

"கழனியில கழுத்து மட்டும் தண்ணி நிக்குது, ஐயா. பட்ட சுருட்டிக்கோங்க, அதுவரைக்கும் நிக்கிறோம். எங்கம்மாவ இப்படித்தான் எடுத்துக்கினு போவணும்."

"தண்ணியில உட்டுடேன்பா," என்றார் சிற்றப்பா. "தானா பாலாத்துல போய்ச் சேர்ந்துடும்."

சிலர் சிரித்தனர். ஈசன் சுடலையில் ஆடுபவன் என்று அன்று காலை சன்னிதியில் உருகிப் பாடிய வாய்கள் அவை.

மகன் திரும்பவில்லை. பாடை ஓரடி நகர்ந்தது. சிற்றப்பா அருகிலிருந்த கழியைப் பிடுங்கி அவன் தலையில் இறக்கினார். மற்றவர்களும் ஆளுக்கொரு கழியைப் பிடுங்கிச் சுமந்தவர்களின் முழங்காலில் அடித்தனர். பாடை சரிந்தது, கிழவியின் உடல் சேற்றில் புரண்டது. ஒருவனின் கையெலும்பு முறிந்த ஓசை எனக்குக் கேட்டது. பறையைக் கிழித்தார்கள்.

கழிகள் போனபின் பாவைத் தாங்க ஏதுமில்லை. பட்டெல்லாம் சேற்றில் விழுந்தது. அடித்தவர்கள் கழிகளை எறிந்துவிட்டு, மண்டியிட்டு, அலறியபடி இழைகளை வாரிச் சுருட்டினர். தெரு திறந்துகொண்டது. மகன் இரத்தம் வழிய எழுந்து, தாயின் முகத்தைத் துடைத்துப் பாடையில் கிடத்தினான். குனிந்திருந்த எங்கள் முதுகுகளுக்கு இடையே அவர்கள் சென்றார்கள். ஒருவரும் பட்டை மிதிக்கவில்லை.

அன்று மாலையே சேரியில் கூரைகள் எரிந்தன. ஆயினும் அடுத்த சாவும் எங்கள் தெரு வழியாகவே வந்தது, அதற்கடுத்ததும். இன்று அது தார்ச்சாலை, எவர் பிணமும் போகிறது.

சென்ற ஐப்பசியில், சற்றுத் தள்ளியுள்ள ஓர் ஊரில், இடுப்பளவு நீரில் இறங்கவிருந்த ஒரு பாடையைக் கண்டேன். பக்கத்திலேயே நல்ல தெரு இருந்தது. அதில் போகலாமே என்று சுமந்தவனிடம் கேட்டேன்.

"உட மாட்டாங்க, தாத்தா," என்று சொல்லிவிட்டு அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கினான்.