பற்றரியைக் காப்பாற்றிய பெட்டி

எங்கள் ஆட்களுக்கு, யாருக்காவது நோய் வருத்தம் என்று காதில் விழுந்தால் கால் வீட்டில் நிற்காது. ஒரு பை அப்பிளும் தோடம்பழமும் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு புறப்பட்டுவிடுவார்கள். 2008 வசந்தத்தில் என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று குரல்வளையை எடுத்து, மூச்சுவிடக் கழுத்தில் துளை வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று தொடங்கி, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருந்த யாழ்ப்பாணத்தார், மன்னார்க்காரர் எல்லாரும் எங்கள் படியேறினார்கள். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்தால் நேரே எங்கள் வீடுதான். அன்பில்தான் வந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவருக்குப் போனது குரல், காது அல்ல. அதை ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. "அண்ணை, எப்பிடி இருக்கிறியள்?" என்று தெருவுக்குக் கேட்கும்படி கத்துவார்கள். பிறகு அவருக்கு முன்னாலேயே, இதே வருத்தம் வந்த இன்னார் எத்தனை மாதம் தாங்கினார் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கொண்டுவந்த அப்பிளை நான் வெட்டி அவர்களுக்கே கொடுப்பேன். அவரால் அதை விழுங்க முடியாது.

குரல் இருந்த காலத்திலேயே அவர் கூட்டத்துக்கு ஆகாத மனிதர். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் சிகரெட் சாட்டில் பல்கனிக்குப் போய்விடுவார். இப்போது அந்தச் சாட்டும் போய்விட்டது. சின்னப் பிள்ளைகள் கீறி அழிக்கிற பலகை ஒன்றை வைத்திருந்தார். அதில்தான் என்னோடு பேசுவார். ஒரு நாள் ஆட்கள் போன பிறகு எழுதினார்: "என்னைக் கார்ட்டனிலை கொண்டுபோய் விடும்."

கார்ட்டன் என்பது நகரத்துக்கு வெளியே சரிவில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த துண்டு நிலம். தக்காளி, மிளகாய், மூலையில் ஒரு பலகைக் கொட்டில். நான் வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் வேலை. போகும்போது அவரை அங்கே இறக்கி, வரும்போது ஏற்றிக்கொள்ளலாம். தடை ஒன்றுதான். கழுத்துத் துளையில் சளி அடைக்கும். அடைத்தால் அதை உறிஞ்சி எடுக்க ஒரு மெசின் வேண்டும். காப்புறுதிக்காரர் தந்த மெசினில் சின்னப் பற்றரி ஒன்று இருந்தது, ஆனால் அது பழசு, இரண்டு தரம் உறிஞ்சினால் களைத்துவிடும். கொட்டிலில் கரண்ட் இல்லை. அந்தத் தோட்டங்களுக்குள் ஜெனரேட்டர் வைக்கவும் விடமாட்டார்கள். அடுத்த தோட்டத்துக் கிழவர் கூரையில் சோலார் தகடு வைத்து ரீவி பார்ப்பதை இவர் கவனித்திருந்தார். மெசினோடு காரில் கொழுவுகிற வயரும் வந்திருந்தது. ஒரு தகடு, ஒரு பற்றரி, நடுவில் ஒரு லாடெரெக்லர் இருந்தால் காணும் என்று பலகையில் படம் கீறிக் காட்டினார்.

லாடெரெக்லர் என்பது கையளவு பெட்டி. வெயிலில் தகடு தருகிற மின்சாரத்தைப் பற்றரி தாங்குகிற அளவுக்கு மட்டும் விடுவது அதன் வேலை. அது இல்லாவிட்டால் கோடையில் பற்றரி கொதித்தே பழுதாகிவிடும். கரவன் வண்டிகளுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்கு இருவரும் போனோம். விற்பனையாளர் உற்சாகமாகத்தான் வந்தார்.

"எதற்கு? லைட்டுக்கா, ரீவிக்கா, பியர் வைக்கிற ஃபிரிட்ஜுக்கா?"

நான் சொன்னேன். அவர் இவருடைய கழுத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. மருத்துவ மெசினுக்குத் தான் பொறுப்பில்லை என்று முதலில் சொல்லிவிட்டு, மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.

முதலாவது மலிவு. பற்றரி நிரம்பினால் நிறுத்தும், வேறொன்றும் செய்யாது. மூன்றாவது விலையானது. வெயில் இல்லாத மப்பு நாளிலும் தகட்டிலிருந்து கொஞ்சம் கூடக் கறந்து தருமாம், ஆனால் ஒற்றைத் தகட்டுக்கு அது வீண் என்று அவரே சொன்னார். நடுவில் இருந்ததில் தகட்டுக்கு ஒரு பக்கம், பற்றரிக்கு ஒரு பக்கம், பாவிக்கிற சாமானுக்கு ஒரு பக்கம் என்று துளைகள் இருந்தன. பற்றரி இறங்கி ஒரு மட்டத்துக்கு வந்தால், சாமானுக்குப் போகிற கரண்டை அது தானாகவே வெட்டிவிடும்.

"ஏன் வெட்டவேண்டும்?" என்று கேட்டேன்.

"பற்றரியை அடிவரை இறக்கினால் அது செத்துவிடும். சில தரம் போதும். பிறகு எவ்வளவு வெயில் அடித்தாலும் எழும்பாது."

என் கணவர் பலகையைத் தூக்கிக் காட்டினார். "முதலாவது காணும். மெசினை நேரே பற்றரியிலை கொழுவலாம். பற்றரி செத்தால் சாகட்டும்."

அந்தச் சரிவில் பற்றரியைச் சுமந்து ஏற்றப்போகிறவள் நான். இன்னொன்று வாங்கி இன்னொரு தரம் சுமப்பதை நினைத்தேன். "விசர்க்கதை கதையாதேங்கோ" என்று சொல்லி நடுவில் இருந்ததை வாங்கினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பலகையை அழித்தார்.

பூட்டியது அவர்தான். முதலில் பற்றரியைக் கொழுவவேண்டும், பிறகுதான் தகடு. நான் அவசரப்பட்டுத் தகட்டு வயரை எடுத்தபோது கையில் ஒரு தட்டுத் தட்டினார். பச்சை லைட் எரிந்ததும் மெசினைப் போட்டுப் பார்த்தார். அது உறுமியது. வருத்தம் வந்த பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அன்றுதான் கண்டேன்.

அந்தக் கோடை நல்லாகவே போனது. பின்னேரம் ஏற்றப் போனால் கதிரையில் சாய்ந்து கிடப்பார். பலகையில் "இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை" என்று எனக்காக எழுதி வைத்திருப்பார். பெரிய பரிசு விழுந்தவர் மாதிரி அதைத் தூக்கிக் காட்டுவார்.

இலையுதிர் காலத்தில் விஷயம் வெளியே வந்துவிட்டது. வீட்டு மணியை அடித்துக் களைத்த யாரோ விசாரித்துக் கண்டுபிடித்தார்கள். ஒரு ஞாயிறு எனக்கு வேலை. பூசை முடிந்து மூன்று கார் நேரே கார்ட்டனுக்குப் போயிருக்கிறது. அது வன்னிப் போர்ச் செய்தி நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்த நேரம். எல்லார் கையிலும் போன், எல்லார் போனிலும் சார்ஜ் இல்லை. கொட்டிலில் கரண்ட் இருக்கிறது என்று கண்டதும் கொழுவினார்கள். ஒரு தம்பி மடிக்கணினியும் அதற்கு வேண்டிய மாற்றிப் பெட்டியும் காரிலிருந்து கொண்டுவந்து செய்தி போட்டார். அந்தக் கிழமை முழுக்க மப்பு. பற்றரியில் இருந்ததே கொஞ்சம். பின்னேரமளவில் பெட்டி சிவப்பு லைட்டைப் போட்டுக் கரண்டை வெட்டிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவருக்கு அடைத்திருக்கிறது. மெசின் இரண்டு தரம் உறுமிவிட்டு நின்றுவிட்டது. அவர் நெஞ்சில் தட்டினார், கொட்டிலைக் காட்டினார். கண்ணால் தண்ணீர் ஓடியது. பலகையை எங்கோ வைத்துவிட்டார்கள். சுற்றியிருந்தவர்கள் செய்தி கேட்டுத்தான் அழுகிறார் என்று நினைத்தார்கள். ஒரு அக்கா அவர் முதுகைத் தடவி, "அழாதேங்கோ அண்ணை, கடவுள் கைவிடமாட்டார்" என்றாராம். அவர் அந்தக் கையைத் தள்ளிவிட்டுக் கொட்டிலுக்குள் போய், திருப்புளியால் வயரைக் கழற்றி, பெட்டியை விட்டுவிட்டு நேரே பற்றரியில் கொழுவி, நீலம் பாரித்த முகத்தோடு சளியை எடுத்திருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மடிக்கணினித் தம்பி என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "அக்கா, அண்ணை கெட்டிக்காரன். கரண்ட் நிண்டுபோச்சு, உடனை திருத்தித் தந்திட்டார்."

அதே பற்றரியில்தான் மடிக்கணினியையும் திரும்ப நேரே கொழுவியிருந்தார்கள்.

இவர் மூலையில் வியர்த்துப்போய், கழுத்துத் துணியில் இரத்தத்தோடு இருந்தார். கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. எல்லாரையும் செருப்பால் அடிக்கவேண்டும் போல இருந்தது. வயரைப் பிடுங்கினேன். திரை அணைந்தது. முதுகைத் தடவிய அக்கா அப்போதுதான் வன்னியில் இருந்த தன் தாயின் ஊர்ப்பெயர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த அக்கா என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு எனக்குத் திட்ட வரவில்லை. "எல்லாரும் போங்கோ" என்று மட்டும் சொன்னேன். போனார்கள். எனக்குத் தலைக்கனம் என்று பிறகு கதை வந்தது. கதையைச் சமாதானமாக்க அடுத்த ஞாயிறு இன்னும் கூடப் பேர் வந்தார்கள்.

பற்றரிக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. என் கணவர் கார்ட்டன் பூட்டுத் திறப்பை மேசையில் வைத்து, "காணும்" என்று எழுதினார். எவ்வளவோ கெஞ்சினேன். பிறகு அவர் அங்கே போகவே இல்லை.

அந்தக் குளிர்காலம் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். சுவரில் கரண்ட் ஒரு நாளும் நிற்கவில்லை, ஆட்கள் வருவதும் நிற்கவில்லை. வன்னியில் செத்தவர்களைப் பற்றிப் பேசுகிற இடமாக எங்கள் வரவேற்பறை ஆகிவிட்டது. சோபாவில் அவரைப் படுக்கவைத்து, சுற்றிவர இருந்து பேசினார்கள். ஒரு நாள் அவர் என் கையைப் பிடித்து, "ஆக்களை அனுப்பும்" என்று எழுதினார். வருத்தம் பார்க்க வந்தவர்களை எப்படி எழும்பிப் போங்கள் என்பது? ஒரு தரம் சொல்லிப் பட்ட பாடு போதாதா என்று நினைத்தேன். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிடுவினம். கொஞ்சம் பொறுங்கோ" என்று காதுக்குள் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனேன்.

தேத்தண்ணியோடு திரும்பி வந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருடைய கால்மாட்டில் இருந்தவர் கோப்பையை எடுத்துக்கொண்டே, "அண்ணை நித்திரை போலை" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எல்லாருக்கும் கொடுத்து, சீனி காணுமா என்று கேட்டு முடித்த பிறகுதான் கிட்டப் போய்ப் பார்த்தேன்.