இறங்க மறுத்த சத்தம்

அன்று காலை வண்டியைச் சுற்றி நின்றது மூன்று பேர்: அப்பா, அக்காவைக் கட்டின அத்தான், நான். இருக்க வேண்டிய, வண்டி ரிப்பேர் பார்க்கும் மிஸ்திரி இல்லை. தசராவுக்கு ஊருக்குப் போனவர் வர இன்னும் நாலு நாள் ஆகும் என்று அவர் கடைப் பலகையில் சாக்குக்கட்டியால் எழுதியிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வண்டிக்குப் பாஸிங். ஓடத் தகுதியான வண்டிதான் என்று அதிகாரி பார்த்து முத்திரை குத்தவில்லையென்றால், மறுநாளிலிருந்து செம்பூர் கோடவுன் சரக்கு வேறொருவர் வண்டியில் ஏறிவிடும். தாராவியில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சோறு அந்த ஒரு பழைய வேனிலிருந்துதான் வந்தது.

அந்த வேனுக்கு முந்தின நாளிலிருந்து என்னவோ ஆகியிருந்தது. ஆக்சிலேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் அடங்கி மெதுவாக ஓட வேண்டும். அது அடங்காமல் அலறியது. விஜயதசமியன்று எலுமிச்சம்பழத்தை நசுக்க அத்தான் வண்டியை எடுத்தபோது, அது பாய்ந்துபோய் எதிர்வீட்டுத் தண்ணீர்ப் பீப்பாய்க்கு ஒரு சாண் முன்னால்தான் நின்றது.

“பிரேக்கை விட்டா செம்பூருக்கு அதுவே போயிரும் போல இருக்கு” என்றார் அத்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூஜைக்காக எஞ்சினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தது நான். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு படித்ததும் நான்தான். எஞ்சின் சும்மா நிற்கும்போது என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்பதை கார்புரேட்டரில் உள்ள ஒரு சின்னத் திருகு தீர்மானிக்கிறது என்று அதில் இருந்தது. துடைக்கும்போது அந்தத் திருகைக் கண்டேன். புத்தகத்தில் படித்ததைக் கையால் தொட்டுப் பார்க்கும் ஆசையில் அரைச் சுற்று திருப்பினேன். பயந்துபோய் உடனே பழையபடி வைத்தேன். வைத்தேன் என்றுதான் நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லியிருந்தேன். அத்தான் மாட்டுங்காவுக்கு ஓடிப்போய் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விசாரித்தார். கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் பாக்கிங் அட்டை கிழிந்து காற்று உள்ளே போகிறது என்றார்களாம். புதிதாக ஒன்று வாங்கிவந்து மாட்டினார். கிளப்பினோம். அதே அலறல்.

மணி ஒன்பதே முக்கால். அப்பா பீடியைப் பற்றவைக்க மறந்து வாயில் வைத்துக்கொண்டே நின்றார்.

“படிச்சவன்லா நீ, புஸ்தகத்துல என்னமும் போட்டிருக்கா?” என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “அப்பா, அந்தத் திருகை நான்தான் திருப்பினேன்.”

அத்தான் என்னைப் பார்த்தார். “அட பாவி மச்சான்! காலையிலயே சொல்லதுக்கு என்ன?”

அப்பா திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஸ்குரூ டிரைவரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

திருகைத் தளர்த்தினேன். சத்தம் குறையவில்லை. இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒன்று. கழன்று கையில் வந்துவிடும் போல ஆயிற்று, எஞ்சின் இம்மியும் இறங்கவில்லை. அப்போதுதான் குனிந்து சரியாகப் பார்த்தேன். திருகின் முனைக்கும் அது தாங்க வேண்டிய நெம்புகோலுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது. அப்படியானால் நெம்புகோலைத் தூக்கிப் பிடித்திருப்பது திருகு இல்லை.

“அத்தான், மிதியிலேர்ந்து வர்ற கம்பியைக் கழட்டுங்க.”

கழற்றினார். நெம்புகோல் டக்கென்று கீழே விழுந்தது. எஞ்சின் இரண்டு முறை தும்மிவிட்டு நின்றேபோனது. எத்தனையோ நேரத்துக்குப் பிறகு கல்லிச் சந்தின் குழாயடிப் பேச்சு காதில் விழுந்தது.

கம்பியின் வழியே கையை விட்டுத் தடவிக்கொண்டே போனேன். எஞ்சினுக்குப் பின்னால், தகரத்தை ஒட்டி, கம்பி மடங்கித் திரும்பும் மூட்டு. அங்கே விரலில் ஏதோ நூல் தட்டியது. மஞ்சள் கயிறு. அதில் முடிந்திருந்த விரலி மஞ்சள் மூட்டுக்கும் தகரத்துக்கும் இடையில் ஆப்பு வைத்தாற்போல இறுகி நின்றது.

அத்தான் எட்டிப் பார்த்தார். “மாமா, வண்டிக்குத் தாலி கட்டினது நீங்களா? அதான் புதுப்பொண்ணு இந்தக் கத்து கத்துது!”

அப்பாவின் முகம் கறுத்தது. வருஷாவருஷம் பூஜைக் கயிற்றைக் கண்ணாடியில்தான் கட்டுவார். “பாஸிங் வருதேன்னுட்டு... மிதிச்சா எது அசையுதோ அதுலதான் வண்டிக்கு உசுரு இருக்குன்னு நினைச்சேன்” என்றார், யாரையும் பார்க்காமல்.

அத்தான் பிளேடை நீட்டினார். அப்பா வாங்கவில்லை. பூஜைக் கயிற்றை அறுக்கக் கூடாது என்று, எஞ்சினுக்குள் தலையைக் கொடுத்து நகத்தாலேயே முடிச்சை அவிழ்த்தார். மணி பத்தரை ஆகிவிட்டது. நான் கம்பியை மாட்டித் திருகைப் பழையபடி முடுக்கினேன். எஞ்சின் அடங்கி, சீராக ஓடியது. கயிறு கண்ணாடிக்கு ஏறியது.

பாஸிங் மைதானத்தில் அதிகாரி ஏறி உட்கார்ந்து மிதியை அழுத்திவிட்டுக் காலை எடுத்தார். சத்தம் இறங்கியது. கீழே இறங்கி, முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் அப்பா சட்டைப் பையிலிருந்து இரண்டரை ரூபாயை எடுத்து என் கையில் திணித்தார். என் அரை நாள் சம்பளம். “எதுக்குப்பா?” என்றேன். “வச்சுக்கலே” என்று மட்டும் சொல்லிவிட்டு, மறந்திருந்த பீடியைப் பற்றவைத்தார். பாக்கிங் இரண்டே கால், நின்ற இடத்திலேயே எரிந்த பெட்ரோல் ஒண்ணே முக்கால், இந்த இரண்டரை. அந்த ஒரு முடிச்சுக்கு ஆன செலவு, ஆக மொத்தம் ஆறரை ரூபாய்.